எல்லை நாடும் வரலாற்றுப் புதினமும்: கொங்கு நாட்டுச் சான்றுகள்

தமிழில் வரலாற்றுப் புதினம் தோன்றி நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. திருக்கோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி' நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டெழுந்தது. பின்னர்க் கல்கி 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' என்னும் மூன்று புதினங்களால் பல்லவரையும் சோழரையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தார். அவர்வழி வந்தோர் பலரும் காஞ்சி, தஞ்சை, மதுரை என்னும் தலைநகரங்களையே பெரிதும் சுற்றி வந்தனர். இதற்குக் காரணம் வெளிப்படை. செப்பேடும் மெய்க்கீர்த்தியும் காவியமும் அரசிருக்கையைச் சார்ந்தே மிகுதியாகக் கிடைக்கின்றன. சான்று மிக்க இடத்தில் புனைவும் எளிதில் வேரூன்றுகிறது.

சான்று ஒன்று புதினமாக விரியும் முறைக்கு உடையார்குடிக் கல்வெட்டு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சுட்டி, அவர்தம் உடைமைகள் விற்கப்பட்ட செய்தியை அக்கல்வெட்டுக் கூறுகிறது. கொலைக்கு ஏவியவர் யார், நோக்கம் யாது என்பன அதில் இல. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' அந்த இடைவெளியிலேயே தன் கதையின் முடிச்சை வைத்துக் கொண்டது. கல்வெட்டுப் பேசும் இடத்தில் வரலாற்றாசிரியரும், அது வாய் மூடும் இடத்தில் புதின ஆசிரியரும் தொழிற்படுகின்றனர் எனலாம்.

இனி நாம் எழுப்ப விரும்பும் வினா இது: பேரரசின் நிலைத்த தலைநகர் இல்லாத நாட்டிற்கு வரலாற்றுப் புதினம் உண்டோ? கொங்கு நாடு இவ்வினாவிற்குரிய களமாகும். கருவூர் பண்டைச் சேரரொடு தொடர்புடையது என்பது புகழூர்க் கல்வெட்டுகளாலும் சங்கச் செய்யுட்களாலும் அறியப்படுவதே. ஆயினும், பிற்கால நூற்றாண்டுகளில் கொங்கு பெரும்பாலும் பிறர் நாடுகளுக்கு எல்லையாகவே இருந்து வந்தது. கங்கர், சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார், இறுதியில் ஆங்கிலேயர் எனப் பலரும் இதனைத் தம் ஆட்சியின் விளிம்பாகக் கருதினர். விளிம்பில் வாழ்ந்தவர் வரலாறு தலைநகர் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வடிக்குறிப்பிலேதான் புதினத்திற்குரிய வளம் மிகுதியும் மறைந்து கிடக்கிறது என்பது நம் கருத்து.

எல்லை நாட்டின் இயல்பு

கொங்கு மண்டல சதகம் முதலிய நூல்கள் கொங்கின் எல்லைகளை வரையறுத்துக் கூறுவன. வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூராகிய பழனி, மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்பது வழிவழி வந்த கணக்கு. இந்நாடு இருபத்து நான்கு உள்நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பதும் மரபு. நாட்டின் அமைப்பை நோக்கின், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் சேர நாட்டிற்கு வாயிலாகிறது. வடமேற்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைவழிகள் மைசூர் மேட்டு நிலத்திற்கு ஏறுகின்றன. கிழக்கே காவிரி சோழ நாட்டிற்கு வழி காட்டுகிறது. ஆகவே இதனை மூலையில் ஒதுங்கிய நாடு என்றல் பொருந்தாது. நாற்புறமும் வாயில் உடைய நாடு என்பதே பொருந்தும். வாயில் உள்ள இடத்தில் காவலும் சுங்கமும் வாணிகமும் படையெடுப்பும் உளவாகும்.

தலைநகரில் வாழ்பவன் தன் அரசன் யார் என்பதை ஐயுற வேண்டுவதில்லை. எல்லை நாட்டில் வாழ்பவனுக்கு அவ்வுறுதி இல்லை. பாட்டன் ஒருவர்க்கும், தந்தை மற்றொருவர்க்கும், மகன் வேறொருவர்க்கும் வரி இறுத்திருக்கலாம். அவன் கட்சி மாறினான் என்று தலைநகரத்து நூல்கள் பழிக்கும். ஆனால் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். எல்லையே அவனைக் கடந்து சென்றது. இந்நிலையே எல்லை நாட்டுப் புதினத்தின் உயிர்நிலை எனக் கொள்ளத்தக்கது. இதனை ஒரு மலைவழியின் வரலாற்றைக் கொண்டு விளக்குவோம்.

கெஜலட்டி வழி

மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கிய முதன்மையான வழிகளுள் ஒன்று கெஜலட்டிக் கணவாய். இதன் அடிவாரத்தில், மோயாறும் பவானியும் கூடும் இடத்தை அடுத்து இருந்தது மக்கள் டணாயக்கன் கோட்டை என வழங்கும் தண்டநாயக்கன் கோட்டை. அதற்குக் கிழக்கே சத்தியமங்கலம்.

இவ்வெல்லையைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்று கொங்கில் இல்லை. கன்னட நாட்டுச் சாமராசநகரில் உள்ளது. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் என்பான் தோதவரை அச்சுறுத்தி, கொங்கரை நிலத்தடியே ஒளியச் செய்து, நீலமலையைக் கைக்கொண்டான் என்னும் பொருள்பட 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கு அவன் புகழ் பேசுகிறது. புணிசன் சமண சமயத்தவன். அக்கல்வெட்டும் சமணக் கோயிலைச் சார்ந்ததே. கொங்கர் நிலத்தடியே ஒளிந்தனர் என்பது வென்றவன் கூற்று. ஒளிந்தவர் எவர், எங்கே ஒளிந்தனர், மீண்டு வந்தபோது தம் ஊரில் எதைக் கண்டனர் என்பவற்றிற்கு விடை கூறும் கல் கொங்கின் பக்கத்தில் நமக்குக் கிட்டவில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் உள்ள இடைவெளியினும் இவ்விடைவெளி பெரிது. இதனுள் புகுந்து ஒரு சிற்றூரின் கதையை ஆக்கவல்ல புலவன் இனித்தான் வரவேண்டும்.

பதினான்காம் நூற்றாண்டில் போசளரின் தண்டநாயகர்கள் இக்கோட்டையை இருக்கையாகக் கொண்டனர். பெருமாள் தண்டநாயகனின் வழிவந்தோர் நீலகிரியை அடக்கியவர் எனப் பொருள்படும் பட்டம் தாங்கினர். அங்கிருந்த மாதவப் பெருமாள் கோயில் அவர்தம் பெயரை நினைவூட்டி நின்றது. அரசனுக்குப் பணியாளராகவும் எல்லையில் தாமே அரசர் போலவும் வாழ்ந்த இத்தகையோர் இரட்டை வாழ்க்கை உடையர். அரண்மனை வலிமை குன்றியபோது, கோட்டைத் தலைவன் யாருடைய ஆணைக்குக் காத்திருப்பான்? மூன்றாம் வல்லாளன் மதுரைச் சுல்தானுடன் பொருது 1342-ஐ ஒட்டி உயிர் துறந்த செய்தி இம்மலைவழியைக் கடந்து கோட்டையை அடைந்த நாளை எண்ணிப் பார்த்தால், ஒரு புதினத்தின் முதல் இயல் தானே எழுதப்படும்.

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வெல்லை மதுரை நாயக்கர்க்கும் மைசூர் உடையார்க்கும் இடைப்பட்டதாயிற்று. தாரமங்கலத்துக் கட்டி முதலியார் காவிரிக் கரையை மதுரையின் சார்பில் காத்தனர். கண்டீரவ நரசராசர் காலத்தில் மைசூர்ப் படை சத்தியமங்கலத்தின் வழியே இறங்கி மதுரை வரை சென்றது. பிடிபட்டோரின் மூக்கை அறுத்து மூட்டையாகக் கட்டி அனுப்பிய கொடுமையால் இது மூக்கறு போர் எனப் பெயர் பெற்றது. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656-ஐ ஒட்டி, இது நிகழ்ந்ததாகக் கருதுவர். இதனை விரித்துரைப்பது 1659-ஆம் ஆண்டில் ஏசு சபைப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா எழுதிய மடலாகும். 1679-இல் அச்சேறிய தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் ஆசிரியரும் இவரே ஆதலின் தமிழ் மாணவர்க்கு இவர் புதியவர் அல்லர். மதுரைப் படையும் பகைவரைத் துரத்திச் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது என்பதும் அம்மடலின் செய்தியே. இச்செய்தியைப் புதினத்தில் ஆளுவோர் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறு பாதியை விடுதல் முறையன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வழியில் ஐதரின் படையும் திப்புவின் படையும் இறங்கின. 1768-இல் கொங்குக் கோட்டைகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அவ்வாண்டு முடியுமுன்னரே ஐதர் அவற்றை மீட்கத் தொடங்கிவிட்டார். 1790-ஆம் ஆண்டு சூலையில் தளபதி மெடோசு கோயம்புத்தூரைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியே இறங்க, 13-ஆம் நாள் சத்தியமங்கலத்தருகே கடும்போர் நிகழ்ந்து, கர்னல் பிளாய்டின் படை பின்வாங்கியது. இருதிறப் படைகளுக்கும் உணவுத் தவசம் சுமந்து பின்சென்றோர் இலம்பாடிகள். அவர்தம் பொதி எருதுகள் நின்றால் போரும் நின்றுவிடும். ஆயினும் எந்தப் போர்க்குறிப்பிலும் ஓர் இலம்பாடித் தலைவனை மனிதனாக நாம் காண்பது அரிது.

பெயர் இழந்தோர்

1791-ஆம் ஆண்டுக் கோயம்புத்தூர் முற்றுகை இவ்வகையில் நம் கருத்தை ஈர்ப்பது. பெரும்படை அகன்றபின் கோட்டையைக் காக்கும் பொறுப்பு இலெப்டினன்டு சால்மர்சு என்னும் இளைஞரிடம் விடப்பட்டது. அவருடன் இருந்தோர் பெரும்பாலும் திருவிதாங்கூர் வீரரும் தொப்பாசியருமே. திருவிதாங்கூர்ப் பணியிலிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரும் துணை நின்றார். சூனில் தொடங்கிய முற்றுகையில் ஆகத்து 11-ஆம் நாள் மைசூர்ப் படை மதிலேறித் தாக்கியும் உள்ளிருந்தோர் அதனை முறியடித்தனர். பின்னர் இலெப்டினன்டு நாசு துணைக்கு வந்தார். கமருதீன் கான் மீண்டும் பெரும்படையுடன் சூழ, நவம்பரில் கோட்டை பணிந்தது. பாலக்காட்டிற்குச் செல்ல விடுவதாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தும், பணிந்தோர் சிறைப்படுத்தப்பட்டுச் சீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் தலைவர் இருவர் பெயரும் எதிர்த்தலைவன் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. ஐந்து திங்கள் மதிலுக்குள் இருந்த திருவிதாங்கூர்ச் சிப்பாய்களின் பெயர்களோ, பேட்டையில் வாழ்ந்த நெசவாளர், வணிகர், தண்ணீர் சுமந்த பெண்டிர் பெயர்களோ நிலைக்கவில்லை. அக்கோட்டையும் இன்று இல்லை. கோட்டைமேடு என்னும் பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் அதன் இடத்தைச் சுட்டி நிற்கின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்விடத்தைக் கடந்து செல்கின்றனர். பெயர் இழந்த இம்மாந்தரைக் கற்பனையால் மீட்டுத் தருவது புதினம் ஒன்றிற்கே கூடும். வரலாற்றாசிரியர் சான்றின்றி ஒரு பெயரையும் சேர்த்தல் இயலாது. புதின ஆசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு.

தீரன் சின்னமலை

கட்சி மாற்றம் என்று பிறர் கூறுவது எல்லை நாட்டில் எவ்வாறு பொருள் வேறுபடும் என்பதற்குத் தீரன் சின்னமலை வரலாறு சான்றாகும். கொங்கிலிருந்து மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைத் தீர்த்தகிரி என்னும் இளைஞன் வழிமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை பறித்ததாகச் சொல்லச் செய்தான் என்பது செவிவழிச் செய்தி. அப்பெயரே அவனுக்கு நிலைத்தது. அதே சின்னமலை பின்னர்த் திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தான் என்பதும் மரபே. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து கொங்கு முழுவதும் கும்பினியார் கைக்கு மாறியது. 1800-ஆம் ஆண்டு சூனில் கோயம்புத்தூரைத் தாக்கக் கிளர்ச்சியாளர் செய்த முயற்சி தோல்வியுற்று, பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். ஓடாநிலையில் கோட்டை அமைத்துப் போராடிய சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டான்.

மைசூருக்கு வரி செல்வதைத் தடுத்தவன் மைசூர் மன்னனோடு தோள் சேர்ந்தது முரண் எனத் தோன்றலாம். எல்லை நாட்டான் கண்ணில் அது முரண் அன்று. முன்னர் மேட்டு நிலத்து ஆட்சி அவன் நிலத்தின் மேல் வந்தது. பின்னர்க் கடற்கரையிலிருந்து வேறோர் ஆட்சி வந்தது. இரண்டிலும் அவன் காத்தது தன் பாளையத்தையே. புதின ஆசிரியர் அவனை முதலிலிருந்தே விடுதலை வீரனாகத் தீட்டிவிடின், அந்த மாற்றத்தின் வேதனை மறைந்துபோம். நேற்றைய பகைவனை நண்பனாக ஏற்க ஒரு மனிதன் தன்னுள் எத்துணைப் போராட்டம் நிகழ்த்தியிருப்பான் என்பதன்றோ கதை!

பாடலும் சான்றும்

எல்லை நாட்டிற்குரிய மற்றொரு வளம் வாய்மொழிக் கதையாகும். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரைப் பற்றிய அண்ணன்மார் கதை கொங்கில் இரவிரவாக உடுக்கை ஒலியுடன் பாடப்படுவது. பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1965-இல் இதனைப் பாணர் வாய்வழி பதிவு செய்தார். மு. கருணாநிதி இதனைப் புதினமாக்கினார். இக்கதையில் உழவர்க்கும் வேட்டுவர்க்கும் இடையே எழும் பகையே நடுவாக அமைகிறது. காடு திருத்தி வயலாக்குவோரும், அக்காட்டையே வாழ்விடமாகக் கொண்டோரும் மோதும் எல்லை அது. அரசர்க்கிடையே மட்டுமன்றி, வாழ்க்கை முறைகளுக்கிடையேயும் எல்லை உண்டு என்பதை இக்கதை உணர்த்துகிறது.

மேலைநாட்டில் வரலாற்றுப் புதினத்திற்குத் தந்தை எனப்படும் வால்டர் ஸ்காட்டு எல்லைப்புறத்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஊரூராக அலைந்து, அவர் பழம்பாடல்களைத் திரட்டினார். அத்தொகுதி 1802-லும் 1803-லும் வெளிவந்தது. அவரது முதற்புதினமாகிய 'வேவர்லி' 1814-இல்தான் தோன்றியது. தொகுப்பு முந்தியது; புனைவு பிந்தியது. கால்நடையாகக் கேட்டறிந்த பன்னூறு செய்திகளே அவர் மாந்தர்க்கு உயிர் அளித்தன. கோவைகிழார் எனப் புகழ்பெற்ற இராமச்சந்திரன் செட்டியார் 1954-இலும், ஆரோக்கியசாமி 1956-இலும் வெளியிட்ட கொங்கு வரலாற்று நூல்கள் நமக்கு அடித்தளம் இட்டுள்ளன. ஆயினும், புலிக்குத்திக் கற்கள், காவற்பெயர் தாங்கிய ஊர்கள், குலதெய்வ வழிபாட்டுக் கதைகள் ஆகியவற்றைப் புனைவுக்கு உதவும் வகையில் வரிசைப்படுத்தும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

புதின ஆசிரியர் கடமை

இவ்வளத்தை ஆளுவோர் மனங்கொள்ள வேண்டுவன சில. முதலாவது, கல்வெட்டு, பாதிரியார் மடல், பகைவர் குறிப்பு, செவிவழிக் கதை என்பன வெவ்வேறு தரத்தன. புதினத்துள் அவை கலக்கலாம். ஆசிரியர் உள்ளத்துள் கலத்தல் ஆகாது. நூலின் முன்னுரையில் எது சான்று, எது புனைவு எனக் கூறிவிடுதல் படிப்போர்க்குச் செய்யும் நேர்மையாகும். கதையை வரலாறாகக் கொண்டு பின்வருவோர் மேடையில் முழங்குவதை நாம் பலகாலும் கண்டுள்ளோம்.

இரண்டாவது, எல்லை வீரரை ஒரு குலத்தின் உடைமையாகச் சுருக்குதல் தவிர்க்கத்தக்கது. ஒவ்வொரு கோட்டையிலும் பல குலத்தார், பல சமயத்தார், பல மொழியினர் ஒருங்கு நின்றே போரிட்டனர். சால்மர்சின் மதிலுக்குள்ளும் ஓடாநிலைக் கோட்டைக்குள்ளும் இதுவே உண்மை.

மூன்றாவது, மேட்டு நிலத்திலிருந்து படை மட்டுமே இறங்கவில்லை. கன்னடம் பேசும் தேவாங்கரும் பிறரும் இறங்கி வந்து தறியும் ஏரும் பிடித்துக் கொங்கின் மக்களாயினர். இன்று அவர்தம் வழியினர் இல்லத்தில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி வாழ்கின்றனர். மூக்கறு போரைப் பாடும் புதினம் இவர்களை மறந்துவிடின், அது எல்லையைப் பற்றிய புதினம் ஆகாது. பகையைப் பற்றிய புதினமாகவே முடியும். கணவாய் ஒன்றே, அதன் வழி வந்தவை இரண்டு என்பதை உணர்ந்தவனே அந்நிலத்தை முழுமையாகக் கண்டவன்.

நான்காவது மொழி. 1942-இல் வெளிவந்த 'நாகம்மாள்' என்னும் தம் புதினத்தால் ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சிற்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்தார். அது சமகால வாழ்வைப் பற்றியது. வரலாற்றுப் புதினத்தின் மாந்தர் எல்லோரும் அரண்மனைத் தமிழே பேசுதல் வேண்டும் என்னும் வழக்கம் எல்லை நாட்டிற்குப் பொருந்தாது. சுங்கச்சாவடியில் காவல் நின்றவனுக்கும் கோட்டைத் தலைவனுக்கும் பேச்சு ஒன்றாயிருத்தல் இயலுமோ?

முடிவுரை

கீழ்பவானித் திட்டத்தின்கீழ் 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீரில் தண்டநாயக்கன் கோட்டை மூழ்கியது. திருமேனிகள் முன்னரே மேட்டிற்கு மாற்றப்பட்டன. அந்நீரால் கொங்கின் வறண்ட நிலம் விளைந்தது. அதன் நன்மையை மறுப்பார் இலர். கெஜலட்டி வழியோ காட்டினுள் அடங்கிவிட்டது. அக்காடு 2013 முதல் புலிகள் காப்பகமாக உள்ளது. மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பழங்கோயிலின் கற்கள் வெளியே தோன்றுகின்றன. அப்போது மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். நீர் ஏறியதும் மீண்டும் மறக்கின்றனர்.

எல்லை வரலாறும் இத்தன்மையதே. முற்றும் அழியவில்லை, காண்பதற்குரிய காலம் குறுகியது. முதுகலை மாணாக்கர் தத்தம் ஊரின் காவற்கல்லையும் கதையையும் கேட்டு எழுதி வைப்பாராயின், பின்வரும் புதின ஆசிரியர் கொங்கரை நிலத்தடியிலிருந்து எழுப்ப அது துணையாகும். அப்பணியைத் தொடங்குவதற்குப் பெருநிதியோ பெருங்குழுவோ வேண்டுவதில்லை. தம் ஊர் முதியோரை அணுகிக் கேட்கும் பொறுமை ஒன்றே போதும்.